மாடி வீட்டில் 23 நாளாக இடிக்கிறார்கள். நேரக் கட்டுப்பாடு கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?

இரண்டாம்மாடி | ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். எங்கள் கட்டடம் மடிப்பாக்கத்தில் இருக்கிறது. கீழே கார் நிறுத்துமிடம், மேலே நான்கு மாடி, மாடிக்கு நான்காகப் பதினாறு ஃபிளாட். இருபது வருஷத்துப் பழைய கட்டடம். எங்களுடையது இரண்டாம் மாடி. தலைக்கு நேர் மேலே உள்ள வீட்டைச் சித்திரையில் ஓர் இளம் தம்பதி வாங்கினார்கள். ஆனி பிறந்ததும் வேலை தொடங்கியது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் என்று நாள் குறித்துவிட்டார்கள். அதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் ஆடி முழுக்க வேலை ஓடும் என்று அங்கே வரும் மேஸ்திரி சொன்னார்.

இன்றோடு 23 நாள். இரண்டு பாத்ரூம், சமையலறை மேடை, ஹால் தரை எல்லாவற்றையும் பெயர்க்கிறார்கள். பிரேக்கர், அதாவது இடிக்கும் மெஷின், ஓடும்போது எங்கள் பூஜை அலமாரிக் கண்ணாடி நடுங்குகிறது. குங்குமச்சிமிழ் தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்ததை ஒரு நாள் நான் பார்த்தேன்.

வீட்டில் அப்பா இருக்கிறார். வயது 78. பெரம்பூர் ரயில் பெட்டி ஒர்க்‌ஷாப்பில் 34 வருஷம் வேலை பார்த்தவர். இரும்படிக்கும் சத்தத்திலேயே காலம் கழித்த மனிதர். போன வருஷம் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. நினைவும் முன்புபோல் இல்லை. மேலே பிரேக்கர் தொடங்கியதும் அவருடைய வலக்கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். "யாரும்மா இடிக்கிறா? நம்ம வீட்டையா?" என்று கேட்பார். இல்லை அப்பா, மேல் வீட்டில் என்று சொல்வேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி அதே கேள்வி. பிசியோதெரபிக்கு வரும் தம்பி, கை இவ்வளவு விறைப்பாக இருந்தால் பயிற்சியே செய்ய முடியவில்லை என்று இரண்டு தடவை திரும்பிப் போய்விட்டார்.

நான் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன், வீட்டிலிருந்தே, இரவு 7 மணி முதல் காலை 4 மணி வரை. என் தூக்கத்தைப் பற்றி இங்கே நான் கேட்கவில்லை. அது என் வேலையின் தன்மை, புரிகிறது. அப்பாவுக்காகத்தான் கேட்கிறேன்.

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நேரத்தைக் குறித்து வருகிறேன். போன வாரம் மட்டும் எழுதுகிறேன். திங்கள் 8:10 முதல் 1:20 வரை, பிறகு 2 முதல் 6:45 வரை. செவ்வாய் முழுக்க அமைதி, ஒருவரும் வரவில்லை. புதன் காலை 7:30க்கே ஆரம்பம். வியாழன் சத்தமில்லை என்று நினைத்து அப்பாவைத் தூங்க வைத்தேன், 2:15க்குத் தொடங்கினார்கள். வெள்ளி இரவு 9:20 வரை டைல்ஸ் கட்டிங். இன்று ஞாயிறு, காலை 9 முதல் 5 வரை.

அசோசியேஷன் செக்ரட்டரியிடம் கேட்டால், "அவங்க வீடு, அவங்க காசு, நாம என்ன சொல்ல முடியும்" என்கிறார். எங்கள் பைலாவில், அதாவது அசோசியேஷன் விதிகளில், இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

என் கேள்விகள் இவைதான். வீட்டுக்குள் செய்யும் வேலைக்குச் சட்டத்தில் நேரம் என்று ஏதாவது உண்டா? ஞாயிற்றுக்கிழமை கூடாது என்று சொல்ல முடியுமா? அசோசியேஷனுக்கு அதிகாரம் உண்டா, இல்லையா?

சண்டை போட எனக்கு விருப்பமில்லை. அந்தப் பெண் முதல் நாள் ஒரு டப்பாவில் மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்து, "கொஞ்ச நாள் சத்தமா இருக்கும் ஆன்ட்டி, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.


வேளச்சேரிக்காரன் | ஞாயிறு, இரவு 10:15

100க்கு போன் பண்ணுங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் ராத்திரி 11 மணிக்குக் கிரானைட் அறுத்தார்கள். ரோந்து வண்டி வந்து பத்து நிமிஷத்தில் நிறுத்தினார்கள். ஆனால் ஒன்று, மறுநாள் காலை 7 மணிக்கு மறுபடி தொடங்கிவிட்டார்கள். பகலில் போன் செய்தபோது, "அசோசியேஷன்ல பேசிக்கோங்க" என்றுதான் பதில் வந்தது.


பழையசெயலாளர் | திங்கள், காலை 6:05

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நங்கநல்லூரில் 40 வீடு உள்ள எங்கள் கட்டடத்துக்கு ஆறு வருஷம் செயலாளராக இருந்தேன். இதே பிரச்சினையில் நிறைய அடிபட்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். ஒலி மாசு (ஒழுங்குபடுத்துதல் மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000இல் வந்தவை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். பகல் என்றால் காலை 6 முதல் இரவு 10 வரை. 2010இல் செய்த திருத்தத்தில், குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்தில் சத்தமெழுப்பும் கட்டுமானக் கருவிகளை இயக்கக் கூடாது என்று தெளிவாகச் சேர்த்தார்கள். வேளச்சேரிக்காரர் சொன்ன 11 மணி விவகாரத்தில் போலீஸ் உடனே நிறுத்தியதற்கு அதுதான் பலம்.

உங்கள் நோட்டில் உள்ள நேரம் எல்லாம் காலை 7:30க்கும் இரவு 9:20க்கும் நடுவில் இருக்கிறது. அதாவது சட்டத்தின் கணக்கில் அத்தனையும் பகல். பகலுக்கு 55 டெசிபல் வரம்பு இருக்கிறது, பிரேக்கர் அதைத் தாண்டும் என்பதிலும் சந்தேகமில்லை. வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் கொடுக்கலாம் என்றும் விதி சொல்கிறது. ஆனால் அதை முறையாக அளந்து காட்ட வேண்டும். செல்போனில் இறக்கிய ஆப் காட்டும் எண்ணை யாரும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அளக்க ஆள் வருவதற்குள் பாத்ரூம் இடித்து முடிந்திருக்கும். ஞாயிறு கூடாது என்று அந்த விதிகளில் எங்கும் இல்லை.

ஆகவே பகல் நேரத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு உண்மையான வேலி என்பது உங்கள் கட்டடத்தின் பைலாதான். அதில் ஒரு வரியும் இல்லை என்கிறீர்கள். எங்களிடமும் இல்லாமல்தான் இருந்தது.

எங்கள் கதையைச் சொல்கிறேன். 2017 மார்ச். மூன்றாவது பிளாக்கில் ஒரு வீட்டில் தரை பெயர்க்கிறார்கள். அதற்கு நேர் கீழே பிளஸ் டூ எழுதும் பெண். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் அந்தக் குழந்தை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பிள்ளையார் கோயில் மண்டபத்தில் போய் உட்கார்ந்து படித்தது. அடுத்த பொதுக்குழுவில் அவளுடைய தாயார் எழுந்து நின்றார். ஒரு வாக்கியம் பேசினார், அதற்கு மேல் குரல் வரவில்லை. செயலாளர் என்று முன் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த நாளை இன்றும் மறக்க முடியவில்லை. அந்த அம்மா பரீட்சைக்கு முன்பே என்னிடம் வந்து கேட்டவர். உங்கள் செக்ரட்டரி சொன்ன அதே பதிலைத்தான் நானும் சொல்லி அனுப்பினேன்.

பிறகு உட்கார்ந்து ஒரு பக்கத்தில் விதி எழுதினோம். இடிப்பது, அறுப்பது, சுவரில் காடி வெட்டுவது எல்லாம் காலை 9:30 முதல் 1 வரை, பிற்பகல் 3 முதல் 5:30 வரை. நடுவில் இரண்டு மணி நேரம் முழு அமைதி. வயதானவர்கள், கைக்குழந்தைகள் தூங்கும் நேரம் அது. சனிக்கிழமை ஒரு மணிக்கு மேல் இல்லை. ஞாயிறும் பண்டிகை நாளும் சத்த வேலையே இல்லை. பெயின்ட் அடிப்பது, வயர் இழுப்பது போன்ற சத்தமில்லாத வேலைக்கு இந்தத் தடை கிடையாது. மார்ச் முதல் தேதியிலிருந்து பரீட்சை முடியும்வரை பிரேக்கர் நுழையக் கூடாது. குழாய் உடைந்து கீழ் வீட்டில் தண்ணீர் ஒழுகினால் மட்டும் விலக்கு. 15,000 ரூபாய் முன்பணம் வாங்கி, வேலை முடிந்ததும் லிஃப்டிலும் படியிலும் சேதமில்லை என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்தோம்.

இதில் எதுவும் பெரிதாக உதவவில்லை என்று சொல்ல மாட்டேன், உதவியது. ஆனால் எல்லாவற்றையும்விட உதவியது விண்ணப்பப் படிவத்தில் இருந்த ஒரே ஒரு கட்டம். "இடிக்கும் வேலை: எந்த அறை, எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை." அதை நிரப்பித் தராமல் வாட்ச்மேன் பிரேக்கரை உள்ளே விட மாட்டார். நிரப்பிய தாளின் நகல் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டப்படும். அதற்குப் பிறகு புகார் வருவது சட்டென்று குறைந்தது. நேரம் குறைந்ததாலா என்றால், இல்லை. சில வீடுகளில் முன்பைவிட அதிக மணி நேரம் இடித்தார்கள். ஆனால் கீழ் வீட்டு அம்மா அன்றைக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். கைக்குழந்தைக்காரர்கள் அன்று தாம்பரத்தில் மாமியார் வீட்டில் இருந்தார்கள்.

உங்கள் நோட்டை மறுபடி பாருங்கள். செவ்வாய் அமைதி, வியாழன் பகல்வரை அமைதி. அந்த அமைதி உங்களுக்குப் பயன்பட்டதா? எப்போது தொடங்குவார்களோ என்று காத்துக்கொண்டே இருந்திருப்பீர்கள். அதனால் "சத்தம் போடாதீர்கள்" என்று கேட்காதீர்கள். அது நடக்காத காரியம். தேதியும் மணியும் எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். நாள் தெரிந்தால் அப்பாவுக்கு ஓர் ஏற்பாடு செய்துகொள்ள உங்களால் முடியும்.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் கட்டைவிரல் காட்டினால் அது விதி ஆகாது. முறையாக அறிவிப்புக் கொடுத்து, பொதுக்குழு கூட்டி, கோரம் (கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) இருக்கிறதா என்று பார்த்து, பைலாவில் சேர்த்து, பதிவும் செய்ய வேண்டும். அதுவரை அது வேண்டுகோள்தான். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, பழைய 1994ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2024இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதையொட்டி நிறைய அசோசியேஷன்கள் பைலாவைத் திருத்துகின்றன. உங்கள் செக்ரட்டரியிடம் இந்தச் சமயத்திலேயே இதையும் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, விதியை மீறுகிறவர் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்துவோம், கரண்டைப் பிடுங்குவோம் என்ற பேச்சை எடுக்கவே கூடாது. எங்களிடம் ஒருவர் அப்படிப் பேசினார். நியாயம் எங்கள் பக்கம் இருந்தும் மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டி வந்தது.


புதுவீட்டுக்காரர் | திங்கள், காலை 8:50

மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். நான் இப்போது என் ஃபிளாட்டில் வேலை செய்துகொண்டிருக்கிறேன். ஒரு பக்கம் வாடகை, ஒரு பக்கம் வீட்டுக் கடன் தவணை. மாதம் தள்ளத் தள்ள இரண்டும் சேர்ந்து கழுத்தை நெரிக்கிறது. எங்கள் அசோசியேஷனில் 11 முதல் 4 வரைதான் என்று வைத்திருக்கிறார்கள். ஆட்களுக்கு முழு நாள் கூலி, வேலையோ அரை நாள். 25 நாள் வேலை 50 நாள் ஆகிவிட்டது. அக்கம்பக்கத்துக்கும் அதே சத்தம் இரண்டு மடங்கு நாளுக்கு. விதி வைக்கும்போது இதையும் கணக்கில் எடுங்கள்.

அப்பா நிலைமை படித்து வருத்தமாக இருந்தது. என் கீழ் வீட்டில் யார் இருக்கிறார்கள், உடம்பு எப்படி என்று நான் இதுவரை கேட்டதே இல்லை. இன்று சாயந்திரம் போகிறேன்.


சைட்டுக்காரன் | திங்கள், பிற்பகல் 2:30

அக்கா, நான் இந்த வேலையில்தான் 14 வருஷமாக இருக்கிறேன். பழைய ஃபிளாட்டை உடைத்துப் புதுசாக்குவதுதான் எங்கள் டீம் வேலை. எங்கள் பக்கத்து விஷயத்தைச் சொல்கிறேன்.

ஒரு பாத்ரூம் டைல்ஸை முழுக்கப் பெயர்க்க இரண்டு ஆள் இருந்தால் ஒன்றரை நாள், மிஞ்சினால் இரண்டு நாள். இரண்டு பாத்ரூம், ஒரு சமையல் மேடை, ஹால் தரை என்றால் மொத்தமாக ஏழெட்டு நாள் இடிப்பு. அதை ஒரே மூச்சாக முடித்துவிடலாம். 23 நாள் விட்டு விட்டு இடிக்கிறார்கள் என்றால் ஆள் சரியாகக் கிடைக்கவில்லை, அல்லது அதே டீம் வேறு ஒரு சைட்டிலும் வேலை பார்க்கிறது. பிரேக்கர் ஒன்றுதான் இருக்கும், அது அங்கே போகும் நாளில் உங்களுக்கு அமைதி. செவ்வாய்க்கிழமை ரகசியம் அதுதான். ஓனருக்கே இது தெரிந்திருக்காது.

சத்தம் உங்கள் வீட்டுக்கு வருவது காற்று வழியாக மட்டுமில்லை. பில்லர், பீம், ஸ்லாப் எல்லாம் ஒரே கான்கிரீட்டாகப் பின்னியிருக்கிறது. மூன்றாம் மாடித் தரையில் விழும் அடி அது வழியாகவே இறங்கும். அதனால்தான் ஜன்னலைச் சாத்தினாலும் குறையாது, காதில் பஞ்சு வைத்தாலும் கட்டில் அதிரும். அப்பாவின் கட்டில் சுவரை ஒட்டி இருந்தால் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் துண்டு வையுங்கள். கட்டிலின் நடுக்கம் கொஞ்சம் குறையும். இரும்புக் கட்டில் என்றால் கட்டாயம் செய்யுங்கள்.

மேலே இனிமேல் மிச்சமிருக்கும் வேலையில் நீங்கள் கேட்டுப் பார்க்கக் கூடியவை சில இருக்கின்றன. ஹால் தரை டைல்ஸ் ஆடாமல் உறுதியாக இருந்தால் பெயர்க்கவே வேண்டாம், பசை போட்டு மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாம். தரை அரை அங்குலத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக உயரும், கதவுகளின் அடியைச் சீவ வேண்டும், அவ்வளவுதான். இடிக்கும் கூலியும் ரப்பீஷ் அள்ளும் வண்டிச் செலவும் அவர்களுக்கு மிச்சம். குழாய், ஏசி ஓட்டைகளுக்கு உளியும் சுத்தியலும் வேண்டாம், தண்ணீர் விட்டு அறுக்கும் கோர் மெஷின் வாடகைக்குக் கிடைக்கிறது, அதிர்வு ரொம்பக் குறைவு. டைல்ஸ், கிரானைட் அறுப்பதை வீட்டுக்குள் செய்யாமல் கீழே காம்பவுண்ட் ஓரமாகச் செய்யலாம். கிரானைட்டை அளவு கொடுத்துக் கடையிலேயே அறுத்து வாங்கிவிடலாம்.

ஹால் தரைக்குப் பெரிய பிரேக்கரைப் போடுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். டைல்ஸ் பெயர்க்கச் சின்ன சிப்பிங் மெஷின் போதும். பெரியதைப் போட்டால் கீழே உங்கள் சீலிங்கில் விரிசல் வரலாம். இப்போதே உங்கள் சீலிங்கை, பாத்ரூம் மேல்பக்கத்தை, தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். பில்லர், பீமில் யார் உளி வைத்தாலும் அன்றே அசோசியேஷனுக்கு எழுதிக் கொடுங்கள். அது சத்தப் பிரச்சினை இல்லை, பதினாறு வீட்டின் உயிர்ப் பிரச்சினை.

எங்கள் ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலை 9:30 என்று கறாராகச் சொன்னால் நாங்கள் கேட்டுக்கொள்வோம். எங்களுக்குக் கஷ்டம், ஒவ்வொருவர் ஒவ்வொரு நேரத்தில் வந்து கத்துவதுதான். கீழ் வீட்டுக்காரர் 2 மணிக்கு நிறுத்து என்பார், ஓனர் போனில் முடிச்சுட்டுப் போ என்பார். பிரேக்கர் பிடிக்கிற பையன் இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவான். அவன் பெரும்பாலும் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவன், நீங்கள் சொல்வது அவனுக்குப் பாதி புரியாது. வாசலில் ஒரு தாளில் நேரம் எழுதி ஒட்டியிருந்தால் அவனுக்குப் பெரிய உதவி.


தெம்பனிஸ்வாசி | திங்கள், இரவு 8:20

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளுக்கு, அதாவது அரசு கட்டிக் கொடுக்கும் அடுக்குமாடிகளுக்கு, எல்லா ஊருக்கும் ஒரே விதி. பழையசெயலாளர் ஐயா சொன்ன கட்டத்தைப் படித்ததும் எங்கள் லிஃப்ட் வாசலில் ஒட்டும் அறிவிப்புதான் நினைவுக்கு வந்தது.

இடிப்பது, டைல்ஸ் பெயர்ப்பது, அறுப்பது, கடுமையாகத் துளை போடுவது இதெல்லாம் வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும். சனிக்கிழமையே கூடாது. சாதாரண வேலை திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை. ஞாயிறும் பொது விடுமுறையும் எந்த வேலையும் கூடாது. பெரிய பண்டிகைகளுக்கு முந்தின நாளும் இடிக்கக் கூடாது, அந்தப் பட்டியலில் தீபாவளியும் உண்டு. தீபாவளிக்கு முந்தின நாள் அம்மா முறுக்குப் பிழியும்போது மேலே பிரேக்கர் கேட்காது என்பது இங்கே பிறந்து வளர்ந்த எனக்கு இயல்பான விஷயம். மற்ற ஊர்களில் அப்படி இல்லை என்று இதைப் படித்துத்தான் உறைத்தது. அனுமதி வாங்கிய பிறகு பழைய கட்டடம் என்றால் ஒரு மாதம், புதுக் கட்டடம் என்றால் மூன்று மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். வீவக பட்டியலில் பெயர் பதிந்த ஒப்பந்தக்காரர்தான் செய்யலாம். புதுக் கட்டடத்தில் முதல் மூன்று வருஷத்துக்குக் குளியலறை டைல்ஸைப் பெயர்க்கவே விட மாட்டார்கள், நீர்க்கசிவுத் தடுப்பு கெட்டுப்போகும் என்று.

கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடிகளுக்கு இது பொருந்தாது, அங்கே அந்தந்த நிர்வாகம் வைத்ததுதான் நேரம். அந்த வகையில் அவை உங்கள் ஊர் நிலைமைக்குத்தான் நெருக்கம்.

இவ்வளவு இருந்தும், என் மகள் பிறந்து 20 நாளில் பக்கத்து வீட்டில் இடிக்கத் தொடங்கினார்கள். எல்லாம் விதிப்படி. புதன்கிழமை காலை 9 மணி. பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி மூன்று நாள் முன்பே வந்து, "பாப்பாவுக்கு எப்போது தூக்கம்?" என்று கேட்டார். 12 முதல் 2 வரை என்றேன். அந்த இரண்டு மணி நேரமும் ஆட்களைச் சாப்பிட அனுப்பினார். எந்த விதியிலும் அது இல்லை. நீங்களும் போய் அப்பா தூங்கும் நேரத்தைச் சொல்லுங்கள், அக்கா. அவர்களுக்குத் தெரியவே தெரியாமல் இருக்கலாம்.


இரண்டாம்மாடி | செவ்வாய், பிற்பகல் 12:10

எல்லோருக்கும் நன்றி. சைட்டுக்கார தம்பி, கட்டிலை நேற்றே தள்ளிப் போட்டேன். இரும்புக் கட்டில்தான். பழைய ஸ்கூட்டர் டயரை வெட்டிக் கால்களுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கம்பியின் நடுக்கம் குறைந்தது கையில் தெரிகிறது.

ஐயா, நீங்கள் அந்த அம்மாவை முதலில் திருப்பி அனுப்பியதையும் மறைக்காமல் எழுதினீர்கள். அதைத்தான் எங்கள் செக்ரட்டரிக்குக் காட்டப் போகிறேன்.


இரண்டாம்மாடி | பன்னிரண்டு நாள் கழித்து, ஞாயிறு, காலை 11:00

கேட்டுவிட்டு நடந்ததைச் சொல்லாமல் போவது சரியில்லை, அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய் மாலை அந்தப் பெண்ணையும் அவள் கணவரையும் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். காபி கொடுத்து, அப்பா பக்கத்தில் உட்கார வைத்தேன். நோட்டைக் காட்டினேன். வெள்ளி இரவு 9:20 என்பதைப் பார்த்து அந்தப் பிள்ளை அதிர்ந்துபோனான். அவர்கள் குடியிருப்பது அம்பத்தூரில் வாடகை வீட்டில். வாரம் ஒரு தடவைதான் வந்து பார்க்கிறார்கள். ஆட்கள் 6 மணிக்குப் போய்விடுவதாகத்தான் மேஸ்திரி சொல்லியிருக்கிறார். வேறு சைட் விஷயமும் தம்பி சொன்னபடியே இருந்தது, மேஸ்திரிக்குப் பள்ளிக்கரணையில் இன்னொரு வேலை.

அங்கேயே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். காலை 9:30 முதல் 1 வரை, 3 முதல் 5:30 வரை. ஞாயிறு இல்லை. மிச்சமிருந்த இடிப்பு மூன்று நாள், தேதி போட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஹால் தரை டைல்ஸைத் தட்டிப் பார்த்தார்கள், உறுதியாக இருந்தது, மேலேயே ஒட்டிவிடச் சம்மதம். இடிக்கும் மூன்று நாளும் அப்பாவைக் காஞ்சிபுரத்தில் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வண்டி வாடகையை அந்தப் பிள்ளை கொடுக்க வந்தான், நான் வாங்கவில்லை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. டைல்ஸ் அறுப்பதைக் கீழே மாற்றியதில் முதல் மாடி வீட்டு ஜன்னலுக்குப் புழுதி போகிறது, அவர்கள் என்னிடம் வந்து கோபித்துக்கொண்டார்கள். அது நியாயம்தான். தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லியிருக்கிறோம், பாதி நேரம்தான் செய்கிறார்கள். ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கே தொடங்கினார்கள், மேலே போய்த் தாளைக் காட்டியதும் நிறுத்தினார்கள். செக்ரட்டரி அடுத்த மாதம் 10ஆம் தேதி பொதுக்குழு வைத்திருக்கிறார், நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்துவிட்டார். ஐயா, உங்கள் படிவத்தின் வாசகத்தை அப்படியே இங்கே போட முடியுமா? புதுவீட்டுக்காரர் சொன்ன கூலி விஷயத்தையும் நான் அங்கே பேசப் போகிறேன், ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை நேரம் இருக்க வேண்டும் என்று.

அந்த நேரத் தாளின் இன்னொரு நகலை அப்பா கட்டிலுக்கு எதிரே கடிகாரத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். பெரிய எழுத்தில் எழுதியது. நேற்று மேலே சத்தம் தொடங்கியது. அப்பாவின் கை கம்பிக்குப் போகவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "மூணு மணி ஆயிடுச்சா? டீ போட்டியா?"